கொட்டகைக் காட்சி

என் கடை டீயைச் சினிமாக்காரர்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. ஜமுனாமரத்தூரில் அவர்கள் தங்கியிருந்தவரை பாலில் தண்ணீர் கலக்காமல்தான் கொடுத்தேன்.

ஓடி ஒளிந்த போர்க் குற்றவாளி ஒருவனைத் தேடிப் பிடிக்கிற படம். சயாமில் ஜப்பான்காரன் ரயில் பாதை போட்டபோது, காலரா கண்ட தமிழ்க் கூலிகளைக் கொட்டகையில் அடைத்துக் கொளுத்திய கங்காணிதான் வில்லன். அந்த வேஷத்துக்கு வரவேண்டிய நடிகர் காய்ச்சலில் படுத்துவிட்டார். டைரக்டர் ராஜேந்திரன் என்னைப் பார்த்து, "உங்க மொகம் சரியா வரும்ங்க" என்றார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஒத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக ஜீப் சத்தம் கேட்டாலே அடுப்பை விட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போகிறவன் நான்.

கொட்டகைக் கதவுக்குப் பூட்டு மாட்டினார்கள். "பூட்டு ஏதுங்க அங்க? கம்பி போட்டுத்தான் கட்டுனது" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. ராஜேந்திரன் சந்தோஷமாகக் கம்பி கொண்டுவரச் சொன்னார். அவர்களுடைய சமையல்காரர் பாண்டுரங்கன் மட்டும் கரண்டியைக் கீழே வைத்தார்.

சாயங்காலம் கடைக்கு வந்தார்.

"கம்பின்னு உங்களுக்கு எப்டிங்க தெரியும்?"

நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

"எங்கண்ணன் உள்ள இருந்தான். நான் வெளிய நின்னு பாத்தேன். நீதானே அது?"

இல்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் கத்தவில்லை.

"காலைல கீழ போயி நீயே போலீஸ்ல சொல்லிடு. நானும் கூட வர்றேன். உம் பொண்டாட்டிகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நல்ல மனிதர்.

மழையில் பஸ் மேலே வரவில்லை. ஒற்றையடிப் பாதையில் இறங்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவருக்கு மூட்டுவலி. வழுக்குப் பாறையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். கையை விடுவித்துக்கொண்டு தள்ளினேன். கீழே விழுந்து கிடந்தவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இந்த மலையில் யாருக்கும் தெரியாத என் பழைய பெயரை. குரல் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கடையைத் திறந்தேன். வேறு எங்கே போவது? அவர் என்னோடு கிளம்பியதைக் கேள்விப்பட்டுத் தேடி வந்த ராஜேந்திரன் என் வேட்டியில் இருந்த சேற்றைப் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

பிழைத்திருந்தாலும் அவரால் நடந்திருக்க முடியாது. நடக்க முடியாதவர்களைக் கஷ்டப்பட விடக்கூடாது என்றுதான் அங்கேயும் நினைத்தேன். ஜப்பான்காரன் கொளுத்தச் சொல்லவில்லை. நானாகத்தான் கொளுத்தினேன். உள்ளே இருந்தவர்கள் யாரும் என்னைத் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள்.