செவலையின் காலைத் தைத்த டாக்டரம்மாவுக்கு

கனிவையும் கண்டிப்பையும் ஒரே கையில் ஏந்தியவரே, வாயில்லா உயிர்களின் வலியை வார்த்தையின்றி அறிந்தவரே, சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் நலம் தந்த எங்கள் பெருமதிப்பிற்குரிய கால்நடை மருத்துவர் கோமதித்தாய் அவர்களே,

பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்கள் பண்புகளை வரிசையாகப் பாடத்தான் நினைத்தோம். பாடினால் தாங்கள் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வீர்கள். ஆகவே தங்களைச் சற்றே அமரவைத்துவிட்டு, கூடியிருப்போருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். பெரும்பகுதி எங்கள் கண்முன் நடந்தது. மற்றவை பின்னொரு நாளில் உதவியாளர் சுமதியிடம் தாங்களே சொன்னவை.

ஓர் ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சற்று முன்பு டாக்டரம்மாவின் தங்கை காலமானார். திருமணம் செய்துகொள்ளாமல் ஒரே வீட்டில் வாழ்ந்த அக்காள் தங்கை அவர்கள். அதன்பின் டாக்டரம்மா விடுப்பே எடுக்கவில்லை. மருத்துவமனையைப் பூட்டிய பிறகும் ஏதாவது ஒரு வேலையைக் கண்டுபிடித்து வாசலில் நின்றுகொண்டிருப்பார். வீட்டுக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை என்று எங்களுக்குத் தெரியும். கேட்கத்தான் எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த மாசியில், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து துரைப்பாண்டி ஒரு நாயை மொபெட்டில் கிடத்திக்கொண்டு வந்தார். அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துப் பிழைக்கும் கிடைக்காரர் அவர். நாயின் பெயர் செவலை. வேலித் தகரம் கிழித்து, பின்னங்காலில் குதிக்கு மேலே உள்ள தடித்த தசைநாண் முழுதாக அறுந்திருந்தது. காலை ஊன்றினால், உயர்ந்து நிற்க வேண்டிய குதி தரையில் படிந்தது.

"நாளைக்கு சிவகிரிப் பக்கம் கிடைக்குப் போறேம்மா. நொண்டி நாயக் கூட்டிக்கிட்டு எங்கன அலைய? இங்கனயே ஊசியப் போட்டு முடிச்சிருங்க" என்றார் துரைப்பாண்டி. சொன்னவர் நாயின் பக்கம் பார்க்கவில்லை.

டாக்டரம்மா காலைத் தூக்கிப் பார்த்தார். "நரம்புதான அத்திருக்கு அண்ணாச்சி. தச்சுப் பாக்கேன். நீங்க கிடைக்குப் போங்க, நாயி எங்கிட்ட இருக்கட்டும்."

"நடக்குமாம்மா?"

"இப்பச் சொல்ல முடியாது."

மயக்க மருந்து கொடுத்துப் புண்ணைக் கழுவியபோது, அறுந்த நாணின் மேல்முனை தசைக்குள் ஏறிப்போயிருந்தது. அதைத் தேடி இழுத்து, நைந்த நுனியைச் சீவி, காலை நீட்டிப் பிடிக்கச் சொல்லி இரு முனைகளையும் சேர்த்தார். நாண் என்பது நீளவாக்கில் ஓடும் இழைகளின் கட்டு. சாதாரணமாகத் தைத்தால் நூல் இழைகளை வகிர்ந்துகொண்டு வெளியே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றையும் வெவ்வேறு பக்கமாக, வெவ்வேறு தொலைவில் கோத்து இழுத்து முடிச்சிட்டார். பிறகு ஒரு பிவிசி குழாயைப் பிளந்து, சூடாக்கி வளைத்து, பஞ்சு பொதிந்து, கால் மடங்காதபடி கட்டினார்.

தைப்பதோடு முடிகிற வேலை இல்லை இது. நாண் ஒட்டிப் பலம் பெற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் ஒரு துள்ளல் துள்ளினாலும் எல்லாம் பாழ். ஆகவே நாயைத் தம் வீட்டுக்கே கொண்டுபோனார். அன்று முதல் எங்களோடு சேர்ந்து நேரத்துக்குக் கிளம்பத் தொடங்கினார்.

ஒரு சாயங்காலம் தெருவில் யாருடைய ஆட்டு மந்தையோ போனது. மணிச்சத்தம் கேட்டதும் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தது. டாக்டரம்மா பின்னாலேயே ஓடி, வீட்டு நடையில் வழுக்கி விழுந்து, விழுந்தபடியே அதைக் கட்டிப் பிடித்தார். குழாய் விரிசல் விட்டிருந்தது. கட்டைப் பிரித்து, நாணின் மேல் விரலை வைத்து மெல்லத் தடவினார். தையல் விட்டுப்போகவில்லை. "தப்பிச்சிட்ட மக்கா. எங்கயும் போகாத, கொஞ்ச நாளு இரு, இங்கனயே இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்த வீட்டுக்குள் தாம் வாய்திறந்து பேசியே மாதக்கணக்காகிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்ததாம். "எங் குரலே யாரோ பேசுத மாதிரி இருந்துச்சு சுமதி" என்றார்.

சித்திரை முடியும் தறுவாயில் துரைப்பாண்டி திரும்பி வந்தார். ஊருக்கு வெளியே அவர் மந்தையை நிறுத்தியிருந்த இடத்துக்கு டாக்டரம்மாவே செவலையை நடத்திக் கூட்டிப்போனார், சுமதியும் உடன் போனார். குதி தரையில் படாமல் நின்ற நாயைத் துரைப்பாண்டி சுற்றிவந்து பார்த்தார். "ஊசி போடுங்கன்னு இந்த வாயாலதான சொன்னேன்" என்று முணுமுணுத்தார். பிறகு நாயின் தலைமேல் இருந்த டாக்டரம்மாவின் கையைப் பார்த்தார்.

"உங்ககிட்ட நல்லா ஒட்டிக்கிட்டு. நீங்களே வச்சிக்கிடுங்கம்மா. வீட்டுல ஒத்தையில இருக்கியன்னு சுமதி சொல்லிச்சு."

டாக்டரம்மா குனிந்து அந்தக் காலை ஒருமுறை மடக்கி நீட்டினார்.

"மந்தையில ஓடுத நாயி அண்ணாச்சி இது. எந் தொணைக்குன்னு வீட்டுக்குள்ள கெட்டிப்போட்டா, அப்புறம் நான் எதுக்குத் தச்சேன்?" என்று கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

முதலில் தயங்கிய செவலை, பிறகு நான்கு காலும் நிலத்தில் பாவ ஓடி, ஆடுகள் கிளப்பிய புழுதிக்குள் மறைந்தது. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரம்மா அதன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "நொண்டவே இல்ல, பாத்தியா" என்றார்.

பெருமதிப்பிற்குரிய அம்மா, தங்கள் தனிமையைப் போக்கிவிடுவோம் என்று இந்த மேடையில் நின்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. நோயற்ற உடலும் நிறைந்த ஆயுளும் தங்களுக்கு வாய்க்க வேண்டும் என்று கோமதியம்மன் சந்நிதியில் வேண்டிக்கொண்டு, உரிமையோடு ஒன்று கேட்கிறோம். வரும் ஞாயிறு கரிவலம்வந்தநல்லூரில் சுமதியின் மகள் அனுவுக்கு வளைகாப்பு. அழைக்க வந்தபோது "பாக்கலாம்" என்றீர்கள். அந்தப் பதிலை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. காலையில் வண்டி தங்கள் வாசலுக்கு வரும். தாங்கள் ஏறும்வரை அங்கேயே நிற்கும்.

தங்கள் நிழலில் பணி பயின்ற,
கால்நடை மருத்துவமனைப் பணியாளர்கள்,
சங்கரன்கோவில்.