ஆள் போன பின்னும் நின்ற பெயர்

பெயர்: மோகன்ராஜ், த/பெ ராஜகோபால். வயது 54. தொழில்: டைல்ஸ், குழாய் சாமான் வியாபாரம். விலாசம்: எண் 17, குளக்கரை இரண்டாவது தெரு, அஸ்தினாபுரம். 08.11.2025 சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நானாக நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் முன்பு சொல்லி எழுதவைத்தது:

நான் மேற்படி விலாசத்தில் குடும்பத்துடன் வசிக்கிறேன். சிமெண்ட் கடையில் மூட்டை தூக்கி ஆரம்பித்து, பத்தொன்பது வருடமாகக் கீழ்க்கட்டளையில் சொந்தக் கடை நடத்துகிறேன். கடையில் விலைப்பட்டியல் தயாரிக்கும் வேலையில் யூனிஸ் என்பவர், வயது 49, ஆறு வருடமாக இருந்தார். பட்டியல் எல்லாம் கீழ்த்தளத்து அறையில் அவர் கணினியில்தான் இருக்கும். அதைத்தான் சர்வர் என்போம். அதற்கு 'யூனிஸ்' என்றே பெயர் வைத்திருந்தோம். கடையின் மற்றக் கணினிகளில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்தால் அந்தப் பெயர் தெரியும், அதை அமுக்கினால் உள்ளே போகலாம்.

14.10.2025 அன்று முடிச்சூரில் ஒரு அடுக்குமாடிக்கு நான் கொடுத்த விலைக்குக் கொஞ்சமே கீழே போட்டு இன்னொரு கடைக்காரர் ஆர்டரை வாங்கிவிட்டார் என்று தெரிந்து, நம் பட்டியல் வெளியே போய்விட்டது என்ற கோபத்தில் மதியம் இரண்டரைக்குக் கடைக்குத் திரும்பினேன். யூனிஸ் இரண்டு மணிக்கே சர்வரை அணைத்துவிட்டு பாஸ்போர்ட் ஆபீஸுக்குப் போய்விட்டதாகக் கவுண்டரில் தீபா சொன்னார். அதன்பின் மாடிக்குப் போய் என் கணினியில் நெட்வொர்க் பட்டியலைத் திறந்தால் 'யூனிஸ்' இருந்தது. அமுக்கினேன், திறக்கவில்லை. ஆள் உள்ளே உட்கார்ந்து பூட்டிக்கொண்டு விலைப்பட்டியலை நகல் எடுக்கிறது என்று முடிவு செய்து, திரையைப் போனில் படம் எடுத்தேன். கீழ் அறைக்குப் பதினாறு படி. இறங்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, வாடிக்கையாளர் நிற்கும்போதே, "நேத்து ரெண்டரைக்கு எங்கேம்மா இருந்தே?" என்று கேட்டேன். "பாஸ்போர்ட் ஆபீஸ்ல சார், சொல்லிட்டுத்தானே போனேன்" என்றார். "அப்போ சர்வர்ல உட்கார்ந்திருந்தது உன் ஆவியா?" என்றேன். லோடு இறக்குகிறவர்கள் சிரித்தார்கள். அதற்கு அவர், "காலைல ஆன் பண்ணா கால் மணி நேரம் கழிச்சுத்தானே சார் உங்க லிஸ்ட்ல வருது. போறதும் லேட்டா இருக்கலாம் இல்ல?" என்றார். "எனக்கே பாடம் எடுக்காதே" என்று வேலையை விட்டு நிறுத்தினேன். அன்று மாலையே இந்த நிலையத்தில் புகார் கொடுத்தேன். அதில், அவர் அறையில் இருந்து பட்டியலை எடுத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினேன்.

அதன்பின் 27.10.2025 அன்று, சர்வர் காலையில் லேட்டாகத் தெரியும் கோளாறைச் சரிசெய்ய ஸ்டெபின் என்ற மெக்கானிக் வந்தார். நான் கேட்டதன் பேரில் சர்வரின் சுவிட்சை அணைத்துக் காட்டினார். கடிகாரம் வைத்துப் பார்த்தோம். செத்த கணினியின் பெயர் என் திரையில் நாற்பத்து மூன்று நிமிடம் நின்றது. அமுக்கினால் திறக்கவில்லை. "ஆஜர் ரிஜிஸ்டர் மாதிரிண்ணா. வந்தவன் பேரை ஏத்தறதும் லேட்டு, சொல்லாம போனவன் பேரை அடிக்கறதும் லேட்டு. ஒழுங்கா ஷட் டவுன் போட்டா சொல்லிட்டுப் போவும். சுவிட்சைத் தட்டச் சொன்ன புத்திசாலி யாருண்ணா?" என்றார். மழையில் ஒருதடவை மோட்டார் எரிந்ததிலிருந்து, கிளம்பும்போது சுவிட்சைத் தட்டிவிட்டுப் போ என்று யூனிஸிடம் தினமும் சொன்னது நான்தான். ஸ்டெபினிடம் இதை வெளியே பேசவேண்டாம் என்றேன்.

அதே வாரத்தில், முடிச்சூர் பில்டரே என் விலைத் தாளைக் காட்டித்தான் மற்றவரிடம் விலையைக் குறைத்தார் என்றும் தெரிந்தது. அடுத்தவர் தாளை வைத்து நானும் அப்படி ஆர்டர் வாங்கியிருக்கிறேன். அப்போதும் இங்கே வரவில்லை. வியாபாரிகள் சங்கத்தில் ஏற்கெனவே போனை நீட்டி அந்தப் படத்தைக் காட்டி, திருடியைப் பிடித்தேன் என்று பேசியிருந்தேன்.

நேற்று யூனிஸ் கடைக்கு வந்தார். வழக்கமாக வரும் பக்கவழியில் வராமல் கவுண்டருக்கு வெளியே நின்றார். "மஸ்கட்ல என் பொண்ணு ஜோசலினுக்கு டிசம்பர்ல டெலிவரி சார். அவளுக்கு நான் ஒருத்திதான். உங்க புகாராலே போலீஸ் வெரிபிகேஷன் நிக்குது" என்றார். திட்டவில்லை. நான் "பார்க்கலாம்" என்று சொல்லி, போன் வந்ததுபோல் உள்ளே போய்விட்டேன். போன் வரவில்லை.

யூனிஸ் எதையும் எடுக்கவில்லை. அவரை நான் அங்கே பார்க்கவும் இல்லை, பெயரைத்தான் பார்த்தேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன். பாஸ்போர்ட் விசாரணைக்கு இதைச் சேர்த்து அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். 'தவறான புரிதலால் புகார் கொடுக்கப்பட்டது' என்று முடித்துவிடலாமா, வழக்கமாக அப்படித்தான் எழுதுவது என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இருபத்தேழாம் தேதி வரை அப்படி எழுதுங்கள், அதற்குப் பிறகு உள்ள பன்னிரண்டு நாளுக்குத் 'தெரிந்தே' என்று எழுதுங்கள் என்று சொன்னேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ரா. மோகன்ராஜ்