நேற்றைய உருண்டையும் இன்றைய உருண்டையும்

எனக்குச் சத்தம் ஆகாது. இதெல்லாம் தொடங்கியதே அதனால்தான், முதலாளி.

உங்கள் பன் ஆலையில் எடைத்திரையைப் பார்ப்பது என் வேலை. மாவை வெட்டும் எந்திரத்திலிருந்து விழும் உருண்டைகளின் எடைகள் இன்று எப்படிப் பரவியிருக்கின்றன என்று கணினி பார்க்கும். நீங்கள் திருப்தியாகத் தலையாட்டிய ஒரு மாதிரி நாளின் பரவலோடு ஒப்பிடும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எல்லை மீறினால் சங்கு ஊதும். மழைக்கு ஊதும், மாவு மூட்டை மாறினால் ஊதும். மதியம் கண்ணை மூட முடியவில்லை. அதனால் மாதிரி நாளை எடுத்துவிட்டு, நேற்றோடு ஒப்பிடும்படி மாற்றினேன். சங்கு வாயை மூடிக்கொண்டது.

அப்போதுதான் என் மச்சினன் பன் கடை திறந்தான். மனைவியின் தம்பிக்குக் கையை விரிக்க முடியுமா? உருண்டை சிறுக்கும்படி எந்திரத்தின் திருகாணியைத் தினமும் ஒரு மயிரிழை திருப்பினேன். மிச்ச மாவு அவனுக்குப் போனது. உங்கள் பன் எலுமிச்சையாகி, பிறகு கோலிக்குண்டானது. அவன் பன் தலையணையானது.

"மாமா, ஒரே பன்ல ஒரு குடும்பமே சாப்பிட்டுட்டுப் போகுது. மாவைக் கொஞ்சம் குறைங்க, வியாபாரம் படுத்துடுச்சு" என்று அழுதான். உறவில் கணக்குப் பார்க்கக் கூடாது என்றேன்.

உங்கள் பன்னை ஏற்றிப் போகும் வேன் டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்னய்யா, இதை எண்ணிப் போடணுமா, கரண்டியில அள்ளிப் போடணுமா?"

நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். மாவில் மாற்றமே இல்லை என்றது. அப்படியானால் அடுப்புக்கார அண்ணன்தான் பன்னைச் சுண்டவைக்கிறார் என்று முடிவு செய்தீர்கள்.

"தம்பி, நீயாவது சொல்லேம்ப்பா. இந்த வயசுல எந்த அடுப்பு என்னைச் சேர்த்துக்கும்?" என்று அவர் என் கையைப் பிடித்தார். கை சூடாக இருந்தது. திரை பொய் சொல்லாது அண்ணே என்றேன். நேற்று அவரை அனுப்பிவிட்டீர்கள்.

இன்று பற்றவைக்க ஆளில்லாமல் அடுப்பு அணைந்து கிடக்கிறது. அடுப்புக்கே போகாத உருண்டையும் கோலிக்குண்டாக இருப்பதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், திருப்பியது நான்தான். அண்ணனைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். என்னைத் திருடன் என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நாளை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். முந்தின நாளைவிட நான் மோசமாக இருந்ததே இல்லை.