ஒரே அண்டாக் கஞ்சி

முழங்கால் வலியோடு வந்து தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் முத்துராமலிங்கம் அவர்களே, முன்வரிசையை முந்திப் பிடித்த மூத்தோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே, வாசற்படியை விட்டு இறங்காமல் காதை மட்டும் இங்கே அனுப்பியிருக்கும் பள்ளிவாசல் தெருச் சொந்தங்களே, தையல் இயந்திரச் சின்னத்தில் இந்த வார்டில் நிற்கும் வேட்பாளர் இவாஞ்சலின் அவர்களே, 'இவன் என்ன உளறப் போகிறானோ' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தேர்தல் பொறுப்பாளர் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி அவர்களே, அனைவருக்கும் சோழபுரம் தவசிமுத்துவின் வணக்கம்.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் பேசினேன். நல்ல கூட்டம். ஆனாலும் இராஜபாளையத்தின் இந்தத் தெருமுக்கு எனக்குத் தனி. மீசை அரும்பாத வயதில் நான் முதன்முதலில் மைக் பிடித்த இடம் இது. வலப்பக்கம் சர்ச் தெரு, இடப்பக்கம் பள்ளிவாசல் தெரு. அன்று தேர்தல் என்றால் என்ன பேசினோம்? சாக்கடை பேசினோம், சாலை பேசினோம், எரியாத தெருவிளக்கைப் பேசினோம். எருசலேம் எங்கே இருந்தது? ஞாயிறு பள்ளிப் படத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமைத் துஆ வேண்டுதலில் இருந்தது. வாக்குச்சாவடியில் இருந்ததா? இல்லையே.

இன்று கைபேசியைத் திறந்தால் காஸாவில் இடிந்த வீட்டுக்குள் பிள்ளையைத் தேடுகிறாள் ஒரு தாய். பிணைக்கைதியாகப் பிடித்துக்கொண்டு போன மகனுக்காக இஸ்ரேலில் கதறுகிறாள் இன்னொரு தாய். அந்தத் தெருவும் அழுகிறது, இந்தத் தெருவும் அழுகிறது. அழுவது தவறா? அல்ல, அந்தக் கண்ணீரை ஓட்டாகக் கணக்குப் போட்டதுதான் தவறு.

யார் போட்டது என்கிறீர்களா? நம் அண்ணாச்சிதான். முறைக்காதீர்கள் அண்ணாச்சி, ஊருக்கே தெரியும். இவாஞ்சலின் குரலில் இரண்டு அறிவிப்புகளைப் பதிவு செய்தார். சர்ச் தெருவுக்கு, 'இஸ்ரவேலுக்காக ஜெபிக்கும் உங்கள் வீட்டுப் பெண்'. பள்ளிவாசல் தெருவுக்கு, 'பாலஸ்தீனத்துக்காகப் பதறும் உங்கள் வீட்டுப் பெண்'. ஒரு பெண்ணுக்கு எத்தனை வீடு ஐயா?

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை ஓட்டியவர் நம் சாம்சன். பாதாளச் சாக்கடைக்காகச் சர்ச் தெரு முகப்பைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அவர் சுற்றிக்கொண்டு பள்ளிவாசல் தெருவுக்குள் புகுந்தார். வண்டி திரும்பியது, பதிவு திரும்பவில்லை. சர்ச் தெருவுக்கான அறிவிப்பு பள்ளிவாசல் வாசலில் முழங்கியது. பதறிப்போய் மற்றதை மாற்றிப் போட்டுக்கொண்டே மறுமுனை வழியாகச் சர்ச் தெருவுக்குள் வந்துவிட்டார். பிறகென்ன? அடுத்த தெருவுக்கு வைத்திருந்ததை ஒவ்வொரு தெருவும் கேட்டுவிட்டது.

யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இவாஞ்சலின் சிரிக்கவில்லை.

பேண்டேஜ் கம்பெனியில் அவரும் பள்ளிவாசல் தெருச் செய்யதம்மாளும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து பேண்டேஜ் சுற்றுகிறவர்கள். இருவருக்கும் அங்கேதான் தலை நரைத்தது. நோன்பு மாதத்தில் செய்யதம்மாள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும். கிறிஸ்துமஸ் அன்று அதே தூக்குவாளி அச்சு முறுக்கோடு திரும்பிப் போகும். மிளகும் பூண்டும் மணக்க அந்தக் கஞ்சி இந்த முக்கைக் கடக்கும்போது, மேடையிலிருந்த நான் பேச்சை மறந்திருக்கிறேன். பொய்யில்லை, எனக்கும் ஒரு தம்ளர் கொடுத்த தெரு இது.

அறிவிப்பைக் கேட்ட செய்யதம்மாள் மறுநாள் கம்பெனியில் சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏட்டி இவாஞ்சி, நோம்புக் கஞ்சி காய்ச்சையில ஒங்க தெருவுக்குன்னு நாங்க தனி அண்டாவா வச்சோம்?"

அன்னையர்களே, நாற்பது ஆண்டுகளாக நாவை விற்றுப் பிழைக்கிறவன் நான். இப்படி ஒரு கேள்வியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. இவாஞ்சலின் அதை அப்படியே அண்ணாச்சியிடம் கொண்டுபோனார். அன்று மாலை அண்ணாச்சி ஒரு யோசனை சொன்னார்: "அக்கா, அதப் பத்திப் பேச்சே எடுக்காதிய. கூட்டத்த பஸ் ஸ்டாண்டு பக்கம் மாத்திருவோம். முக்குல போட்டா ரெண்டு தெரு ஓட்டும் போயிரும், தோத்துருவிய."

இவாஞ்சலின் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "தோத்தா மறுநாள் கம்பெனிக்குப் போறேன். செய்யதக்கா எதுத்தாப்புலதான் உக்காரணும். அவிய மூஞ்சியப் பாக்க வேண்டாமா? கூட்டம் முக்குலதான்."

அதனால்தான் ஐயா இந்த மேடை இங்கே. மேலே பாருங்கள். ஒரு ஒலிபெருக்கிக் குழாய் சர்ச் தெருவைப் பார்க்கிறது, ஒரு குழாய் பள்ளிவாசல் தெருவைப் பார்க்கிறது. கீழே மைக் ஒன்றுதான்.

என்ன தம்பி? அக்கா எந்தக் கட்சி, இஸ்ரேலா பாலஸ்தீனமா என்கிறீர்களா? நான் உங்களைக் கேட்கிறேன். நம் ஊர்ப் பெண்கள் சுற்றும் துணி கடல் கடந்து போகிறதே, எந்தக் காயத்துக்கு என்று கேட்டா சுற்றினார்கள்? எவன் ரத்தம் என்று பார்த்தா மடித்தார்கள்? எந்தத் தாயின் பிள்ளை என்று விசாரித்தா பெட்டி கட்டினார்கள்? கேட்கவில்லையே, என் தாய்மார்களே. கொல்லாதே என்று அந்தப் பக்கமும் சொல்லலாம், இந்தப் பக்கமும் சொல்லலாம். அதற்குத் தனித்தனிப் பதிவு வேண்டாம்.

பழைய காலம் திரும்பாது, எனக்குத் தெரியும். அந்தக் கஞ்சி மணம் திரும்பினால் போதும் என்றுதான் வயதான மனம் ஏங்குகிறது.

செத்த நேரம் பொறுங்கள். அங்கே வாசற்படியிலிருந்து ஒருவர் இறங்கி வருகிறார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, உட்கார இடம் தேடுகிறார். செய்யதக்கா, நீங்களா? நாற்காலி தீர்ந்துவிட்டதே. சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி, எழுந்திருங்கள். உங்கள் நாற்காலியைக் கீழே கொடுங்கள். இந்தத் தேர்தலில் நீங்கள் செய்யும் முதல் நல்ல வேலை இதுவாக இருக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட இரு தெருவுக்கும் இந்த எளியவனின் நன்றி, வணக்கம். இனி நான் பேசினால் அதிகப்பிரசங்கம். இவாஞ்சலின், எழுந்து வாம்மா. செய்யதக்கா உட்கார்ந்துவிட்டார், எதிரில்தான் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துப் பேசு.