ஞாயிற்றுக்கிழமை ஏழு பிள்ளை

வெள்ளி மாலை, நாவற்குடாப் பக்கம் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் ஆஸ்பத்திரிச் சீருடையில் இருந்தவள் சொன்னாள்: "ஞாயிறு எனக்கு ஏழு புள்ள."

அவள் பக்கத்தில் இருந்த புடவைக்கடைச் சீருடைக்காரி திரும்பினாள். "என்னகா சொல்றாய்?"

"ஒண்டுதான் என்ட. மத்த ஆறும் வேலைக்குப் போற தாய்மாருட. லீவு நாளில மாறி மாறிப் பார்க்கிறம். காசு வாங்கிறல்ல. ஆளுக்கு அரைச் சுண்டு அரிசி, ஒரே பானையில சோறு."

"எனக்கு ஞாயிறு வேலை. மகனைப் பார்க்க ஆளில்லாம வேலைய விடத்தான் நினைச்சன்."

"விடாத. மகனக் கொண்டா."

"அவன் கடிப்பான்."

"கடிக்கிறது ஒண்டு எங்களிட்டயும் இரிக்கு. உனக்கு எண்டைக்கு லீவு?"

"சனி."

"சனிக்குத்தான் ஆள் தேடித் திரியிறம். நாளைக்கு ஏழும் உன்ட வீட்ட வரும். பெரிய பானை இரிக்கா?"