பத்து மஞ்ச, பத்து பச்சை

...இல்லீங்க, நீங்களே சொல்லுங்க. முப்பத்தஞ்சு புள்ளைகள்ல முப்பத்திநாலு, இங்கிலீசுப் பரீச்சைல அதே மூணு கேள்வியத் தப்பா எழுதிருக்குதுக. அதுக்குக் காப்பியடிச்சுதுகன்னு ஊட்டுக்கு ஆளுவிட்டு நம்மளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடறதா? சொல்லிக்குடுக்கத் துப்பில்லைன்னு ஒத்துக்க வேண்டியதுதானுங்க. இந்தப் பொற்கொடி மிஸ்ஸெல்லாம் எங்க படிச்சுதோ. நீங்க ரித்விக் அப்பாதானுங்க? நான் பூஜிதா அம்மா, புவனா. போத்தனூர்ல ஜாக்கெட் தைக்கறனுங்க.

இங்கிலீசு இலக்கணத்துல ஃப்ரேஸாம், க்ளாஸாம். என்ன பெரிய மலையப் பொளக்கற வேலைங்க அது? "ஆன் த டேபிள்"னு மொட்டையா நின்னா ஃப்ரேஸு. "ஷி ஸேட் டவுன்"னு ஆரோ ஒருத்தரு ஏதோ செஞ்சா க்ளாஸு. என்ற புள்ள ரெண்டே நிமிசத்துல எனக்குச் சொல்லிபோட்டா. இதைய ஒரு மாசம் இழுத்து, சார்ட்டு ஒட்டிட்டு வாங்கன்னு அம்மாக்க தலைல கட்டிபோட்டுது. எந்த ஊட்லீங்க புள்ளைக சார்ட்டு ஒட்டுது? உங்கூட்டம்மா ஒட்டறதில்லையா? ...பாத்தீங்களா, சிரிக்கறீங்க.

பூஜிதா தானே ஒட்டறேன்னு ஒட்டி வெச்சிருந்தா. பாக்கச் சகிக்கலைங்க. ஃப்ரேஸு மஞ்சச் சீட்டு, பதிமூணு. க்ளாஸு பச்சைச் சீட்டு, ஏழே ஏழு. ஒரு பக்கம் தொங்குது, ஒரு பக்கம் வெறுச்சுன்னு கெடக்குது. ஒரு கை நீட்டம், ஒரு கை குட்டைன்னு தெச்சுக் குடுத்தா ஆராச்சும் போடுவாங்களா? அவ டியூசன் போனப்ப மூணு மஞ்சயப் பிச்சு, பச்சைல எழுதி ஒட்டிபோட்டேன். பத்துக்குப் பத்து. அத்தனை அம்சமா இருந்துது. அவ வந்து, தப்பும்மா, மாத்தாதேன்னா. சும்மா கெடடீன்னு ஒரு அதட்டு. போட்டோ எடுத்து அம்மாக்க குரூப்புலயும் போட்டேன். உங்கூட்டம்மா கூட கைதட்டற படம் அனுப்புனாங்க. அந்த மிஸ்ஸும் படிச்சுக்கூடப் பாக்காம சுவத்துல மாட்டிபோட்டுது.

...ஆமாங்க. புள்ளைக தப்பா எழுதுன அந்த மூணுதான்.

பூஜிதா மட்டும் சரியா எழுதிருக்கறா. மத்தவங்களைக் கவுத்துட்டு முதல் மார்க்கு வாங்கத் தப்பான சார்ட்டு குடுத்தாள்னு பேசறாங்களாம். உங்க ரித்விக் கூட அவளோட பேசறதில்லையாம். ஆரு எழுதுனதுன்னு மிஸ்ஸு கேட்டதுக்கு, நான்தான்னு நின்னிருக்கறா. ஏண்டி என்ற பேரச் சொல்லலைன்னு கேட்டேன். உன்னைய எல்லாரும் சிரிப்பாங்கம்மாங்கறா. காத்தால இருந்து நாலு பேர முன்னாடி போகவுட்டுட்டு இந்த மிஸ்ஸு ரூம் வாசல்லயே நிக்கறேன். அந்த மிஸ்ஸையே வஞ்சுட்டு...

ஏனுங்க, எங்க எந்திரிச்சுட்டீங்க? உள்ளயா? இருங்க. நீங்க சொல்லக் கூடாதுங்க. தள்ளுங்க, நான் போயிச் சொல்றேன்.