கேட்டோரம் இருந்த லில்லி

லில்லிச் செடியை இலையைப் பிடித்து இழுத்தால் போகாது, பாஸ்டர். இலை மட்டும் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உட்கார்ந்துகொண்டு அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும். கடப்பாறையால் சுற்றிலும் நெம்பிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். பெரிய வெங்காயம் போல இருக்கும். ஏன் எடுத்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. அடக்க ஆராதனையில் என்னைப் பொறுமையுள்ள கணவன் என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செம்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்தபோது கேட்டுக்கு இரண்டு பக்கமும் என் மனைவி எப்சி நட்டது அந்த வெள்ளை லில்லி. மறதி நோய் வந்த பிறகு முதலில் என் பெயர் அவளுக்குப் போனது. பிறகு முகமும் போனது. நான் சோறு ஊட்டுவேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "சார், எங்க வீட்டுக்காரர் ஸ்கூல்லேர்ந்து வந்துட்டாரா?" என்று கேட்பாள்.

"நான்தான் எப்சி, வில்பிரட்" என்பேன்.

"சும்மா இருங்க சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சாயங்காலம் தெருவில் ஒரு நடை போவாள். நான் கூடப் போனால், "யாரு சார் நீங்க, பின்னாடியே வர்றீங்க" என்று கூச்சல் போடுவாள். அதனால் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி. ஆனால் லில்லியைக் கண்டதும் அவள் முகம் தெளியும். "வந்துட்டேன்" என்று அந்தச் செடியிடம் சொல்லிவிட்டு உள்ளே வருவாள். அவளோடு ஒரு ஆயுசு வாழ்ந்தவன் நான். சொல்லவே கூசுகிறது, ஒரு செடியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை அவள் தூங்கும்போது எல்லாவற்றையும் தோண்டி எடுத்தேன். எதிர்வீட்டு நாகலக்ஷ்மி, "என்ன சார், நல்லா பூத்துட்டிருந்ததே?" என்றாள். "கொசு அடையுதும்மா" என்றேன். கிழங்குகளைக் குப்பை வண்டியில் போட்டேன். குழியை மூடித் தண்ணீர் தெளித்தேன்.

பூ இல்லாவிட்டால் என்னைத் தேடுவாள் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, நானே கேட்டைத் திறந்துவிட்டேன்.

திரும்பி வந்தவள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனாள். மறுபடி வந்தாள், மறுபடி தாண்டினாள். இருட்டத் தொடங்கியிருந்தது. நான் கேட்டருகில்தான் நின்றிருந்தேன். கை நீட்டினால் அவள் புடவை எட்டும். மறுநாள் ஏரியிலிருந்து எடுத்தபோது உடம்பில் அதே புடவை இருந்தது. நான் கண்ணயர்ந்த நேரத்தில் வழி தவறிவிட்டாள் என்று போலீசில் சொன்னேன். நான் கண்ணயரவில்லை, பாஸ்டர்.

அன்று சாயங்காலம், கடைசியில் அவளே என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "சார், இங்க லில்லி வச்ச வீடு எதுங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"இந்தத் தெருவில அப்படி வீடே இல்லம்மா" என்றேன். "ஏரிப் பக்கமா போய்ப் பாருங்க."

நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் நான் பொய் சொன்னதாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் லில்லி கிடையாது.